கஞ்சி போட்ட மாஸ்க்

எங்கள் ஓய்வுபெற்ற செவிலியர் சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டு மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். மூவரும் இப்போது பணியில் இருப்பவர்கள். மூவர் முகத்திலும் மூன்று விதமான மாஸ்க். ஒருத்திக்கு நீலம், ஒருத்திக்கு வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்று, மூன்றாமவள் புடவைக்கு ஏற்ற நிறத்தில் தைத்துப் போட்டிருந்தாள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே எது உசத்தி என்று சண்டை. காபி வந்ததும் மூன்றையும் தாடைக்கு இறக்கிக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தார்கள். "நீங்க டி.பி. வார்டுல இருந்தவங்க. எது நல்லதுன்னு நீங்களே எழுதிக் குடுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எழுதுகிறேன். கேட்டது நீங்கள், படித்துவிட்டு மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளக் கூடாது. இந்தச் சண்டையை உங்கள் தலைமுறைதான் கண்டுபிடித்தது என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். அறுபதுகளின் கடைசியில் நாங்கள் இதைவிட மும்முரமாகப் போட்டிருக்கிறோம். இதைவிட முட்டாள்தனமாகவும் போட்டிருக்கிறோம்.

நான் ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நர்ஸ் பயிற்சி மூன்று வருடம். அதில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டவை மூன்று: படுக்கை விரிப்பின் மூலையை மடித்துச் செருகுவது, டாக்டர் வந்தால் எழுந்து நிற்பது, டாக்டர் தப்பாகச் சொன்னாலும் எழுந்து நிற்பது. கடைசிப் பாடம் புத்தகத்தில் இல்லை. ஆனால் அதில்தான் எல்லோரும் நல்ல மார்க் வாங்கினோம்.

வேலை கிடைத்தது டோல்கேட் தாண்டி வடக்கே, ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திய காச நோய் ஆஸ்பத்திரியில். அறுபது கட்டில். இப்போது அங்கே கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன, அதனால் பெயரைச் சொல்லி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், எண்ணூர் மீனவர்கள், பெரம்பூர் ஒர்க்ஷாப்காரர்கள், மில் தொழிலாளிகள் எல்லாம் எங்கள் நோயாளிகள். அடுத்த காம்பவுண்டில் ஒரு தொழிற்சாலை கரியைக் கக்கிக்கொண்டிருந்தது. விரிப்புகள் கறுத்துப்போகின்றன என்று அந்தப் பக்கத்து ஜன்னல்கள் எல்லாவற்றையும் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். அறுபது பேர் இருமும் கட்டடத்தில் ஜன்னலுக்கு ஆணி! விரிப்பு வெள்ளையாக இருந்ததா, இருந்தது.

பெரிய டாக்டர் பெயர் கோபிநாதன். காலை எட்டு மணி அடிக்கும்போது வார்டு வாசலில் இருப்பார், அதில் குறை சொல்ல முடியாது. நோயாளியைத் தொட மாட்டார். மூடிய பேனாவால் சுட்டிக் காட்டுவார், நாங்கள் தொடுவோம். மற்ற டாக்டர்கள் நாக்கை நீட்டச் சொல்வார்கள். இவர் நர்சைப் பார்த்து, "எத்தனை மடிப்பு?" என்று கேட்பார். மாஸ்க்கைத்தான். சந்தேகம் வந்தால் கழற்றித் தரச் சொல்லி, இடுக்கியால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இழை எண்ணுவார். அவருடைய மூக்குக் கண்ணாடி தடிமனானது. அதை மூக்கில் ஏற்றிக்கொண்டு அவர் இழை எண்ணி முடிப்பதற்குள் பத்தாம் நம்பர் கட்டில்காரர் இரண்டு முறை ரத்தம் துப்பியிருப்பார்.

மாஸ்க் என்றால் கடையில் வாங்குவது இல்லை. காயத்துக்குக் கட்டுகிற சல்லாத் துணி சுருளாக வரும். அதை நாங்கள் வெட்டி, மடித்து, நான்கு ஓரமும் தைத்து, நான்கு மூலையிலும் நாடா வைப்போம். டாக்டருக்கு எட்டு மடிப்பு, நர்சுக்கு ஆறு, ஆயாவுக்கு நாலு. கிருமி முதலில் சம்பளப் பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் யார் மூக்கில் நுழைவது என்று முடிவு செய்யும் போலிருக்கிறது. டாக்டர் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் வார்டில் இருப்பார். ஆயா காலை ஆறு மணியிலிருந்து இருப்பாள்.

என் வார்டு ஆயா மங்கம்மா. வியாசர்பாடிக்காரி, முப்பது வயது இருக்கும். புருஷனுக்கு மரக்கடையில் கூலி, அதுவும் மரம் வந்தால்தான். இரண்டு பெண் குழந்தைகள். அவள் வேலை சளிக் கோப்பை எடுப்பது. தினமும் காலையில் அறுபது கட்டிலுக்கும் போய், ராத்திரி முழுக்கத் துப்பி வைத்த தகரக் கோப்பைகளை வாளியில் அடுக்கி, பின்கட்டுக்குக் கொண்டுபோய், பினாயில் ஊற்றி ஊறவைத்து, குழியில் கொட்டி, கோப்பைகளை அண்டாவில் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரியிலேயே கிருமிக்கு மிக அருகில் மூச்சுவிட்டவள் அவள்தான். அவளுக்கு நாலு மடிப்பு.

போட்ட மாஸ்க்கை சோப்பில் ஊறவைத்து, இருபது நிமிடம் கொதிக்கவைத்து, கொடியில் காயப்போடுவோம். காய்ந்தால் வாழைப்பட்டை மாதிரி சுருண்டுகொள்ளும். ஸ்தாபனத்துக் கமிட்டி ஒருமுறை பார்வையிட வந்தபோது, மேட்ரன் முகத்தில் கந்தலாகத் தொங்கிய மாஸ்க்கைப் பார்த்துத் தலைவர் முகம் சுளித்தார். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து மாஸ்க்குகளும் டாக்டர்கள் கோட்டோடு டோபியிடம் போயின.

டோபி முனுசாமி கெட்டிக்காரர். அவர் கைபட்ட கோட்டைத் தரையில் வைத்தால் நிற்கும். அவருக்குத் தெரிந்த ஒரே மரியாதை கஞ்சி. வெள்ளைத் துணி எது வந்தாலும் வடிகஞ்சியில் முக்கி, உதறி, பெட்டி போட்டுவிடுவார். மாஸ்க்கையும் அப்படியே செய்தார். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லையே! மூட்டையைப் பிரித்தால் எல்லாம் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு அடுக்கடுக்காக இருந்தன. பெரிய டாக்டர் ஒன்றை எடுத்து விரலால் சுண்டினார். டப்பென்று சத்தம் கேட்டது.

"இது மாஸ்க்!" என்றார். "முனுசாமி, இத்தனை நாள் நீ எங்கேய்யா இருந்தே?"

"பின்னாடி கல்லாண்டதான் தொவைச்சிகினு இருந்தேன் டாக்டரய்யா" என்றார் முனுசாமி.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் டாக்டர் அறையில் கூட்டம். எது சிறந்த மாஸ்க் என்று ஒரேயடியாக முடிவு கட்டிவிடுவது. மேட்ரன் சல்லாத் துணியே உதவாது, மில்லிலிருந்து கெட்டியான காடாத் துணி வாங்கித் தைக்கலாம் என்று நின்றார். சின்ன டாக்டர் ஒருவர், மாஸ்க்கை நமக்கு மாட்டுவதைவிட இருமுகிற நோயாளிக்கு மாட்டலாமே என்று ஒரே ஒரு நல்ல வார்த்தை சொன்னார். உடனே அடக்கிவிட்டார்கள், நோயாளிகள் திருடிக்கொண்டு போய்விடுவார்களாம். அப்புறம் டீ வந்தது. எல்லோரும் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினோம். கழுத்தில் மாஸ்க்கோடு, மாஸ்க்கைப் பற்றி முக்கால் மணி நேரம்.

கடைசியில் டாக்டர், "பேச்சு எதுக்கு? மெழுகுவத்தி கொண்டாங்க" என்றார். மாஸ்க் போட்டுக்கொண்டு ஊத வேண்டும். அணைந்தால் அது மோசமான மாஸ்க், அணையாவிட்டால் நல்ல மாஸ்க். அன்று சாயங்காலம் மாதா கோயிலில் ஏற்றுவதற்காக என் பையில் மெழுகுவத்தி வைத்திருந்தேன். அதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன், இதையும் எழுதித் தொலைக்கிறேன்.

பழைய மாஸ்க் போட்டு நான் ஊதினேன், அணைந்துவிட்டது. காடாத் துணியில் மேட்ரன் ஊதினார். சுடர் ஆடியது, மேட்ரனுக்கு இளைத்தது. கஞ்சி மாஸ்க்கை டாக்டரே கட்டிக்கொண்டு, கன்னம் உப்ப ஊதினார். சுடர் அசையவில்லை! மறுபடி ஊதினார். மாதா சொரூபத்துக்கு முன்னால் எரிவது போல அமைதியாக எரிந்தது. எல்லோரும் கைதட்டினோம்.

டீ கிளாஸ் பொறுக்க வந்திருந்த மங்கம்மா தட்டோடு நின்றாள். "கண்ணாடில ஆவி பூத்துக்கினு கீதே டாக்டரய்யா" என்றாள்.

"என்ன?"

"மூச்சு முன்னால போவல. சைடால பூந்து மேல போவுது. அதான் கண்ணாடி வேர்த்துப் போச்சு. நீ ஊதுறதே மெயுகுவத்தி பக்கம் வரலியே, அது எப்டி அணையும்?"

டாக்டரின் கண்ணாடி இரண்டு வட்டமும் பால் ஊற்றியது போல வெளுத்திருந்தது. அவருக்கு அவளே தெரிந்திருக்க மாட்டாள். கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரி, இனிமே மங்கம்மாகிட்ட கன்சல்ட் பண்ணிக்கறேன்" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதே மாதிரி மாஸ்க்கைக் காலையில் போட்டிருந்தபோது, விட்ட மூச்சு என் இமையில் வந்து பட்டது எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன். மூன்றாவது பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவள் அல்லவா?

மாஸ்க்குக்குக் கஞ்சி கட்டாயம் என்று மறுநாள் சுற்றறிக்கை வந்தது. ஆயாக்களுக்கும் அதே மாஸ்க், மடிப்பில் மட்டும் வித்தியாசம். அதைப் போட்டால் கன்னத்து எலும்பு உரசிப் புண்ணாகும். மங்கம்மா என்ன செய்தாள் தெரியுமா? காலையில் வந்ததும் குழாயடியில் மாஸ்க்கை அலசிக் கஞ்சியைப் போக்கி, பிழிந்து, உதறிக் கட்டிக்கொள்வாள். முகத்தோடு ஒட்டி உட்காரும். ஒருநாள் டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரிச் சொத்தை நாசம் செய்ததற்காக அவளுக்கு மெமோ. வார்டு சிஸ்டர் என்ற முறையில் அந்த மெமோவை எழுதியது என் கை.

"இன்னா சிஸ்டரம்மா, கலீஜ் கோப்பைய கழுவுனா கேக்க ஆளில்ல, நல்ல துணிய கழுவுனா மெமோவா?" என்று கேட்டு, கைநாட்டு வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவளும் கஞ்சி மாஸ்க் போட்டாள்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். மங்கம்மா இருமினாள். டி.பி. வார்டில் ஒருத்தி இருமினால் யாருக்குக் காது கேட்கும்? அவளுடைய ரவிக்கை தோளில் தொளதொளவென்று ஆனபிறகுதான் நான் பார்த்தேன். எக்ஸ்ரே எடுத்தோம். வலது நுரையீரலின் மேல்பாகத்தில் நிழல். சளியில் கிருமி.

எங்கள் ஸ்தாபனத்தில் ஒரு விதி இருந்தது. ஊழியருக்கு ஆஸ்பத்திரியில் நோய் தொற்றினால் அங்கேயே கட்டில் தந்து, குணமாகும் வரை சம்பளமும் தந்து, வேலையைக் காப்பாற்றி வைக்க வேண்டும். வெளியிலிருந்து நோயைக் கொண்டுவந்தவர் என்றால் அன்றே சீட்டுக் கிழியும். ஆக, மங்கம்மா குடும்பத்தின் சோறு ஒரே ஒரு கேள்வியில் தொங்கியது: அவளுக்கு நோய் எங்கே ஒட்டியது?

டாக்டருக்குச் சந்தேகமே இல்லை. "நம்ம மாஸ்க் டெஸ்ட் பண்ணின மாஸ்க் சிஸ்டர். மெழுகுவத்தியே அணையலை. அதுல கிருமி எப்படி நுழையும்? வியாசர்பாடில ஒரு ரூம்ல நாலு பேர் படுத்துக்கறாங்க. அங்கேதான் வந்திருக்கும். தவிர அவளே மாஸ்க்கைக் கெடுத்தவ. மெமோ இருக்கே?" என்றார். கமிட்டி முன்னால் வைக்க ஓர் அறிக்கை எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

அறிக்கை எழுதுவதற்கு முன்னால் வியாசர்பாடிக்குப் போனேன். ஒற்றை அறை. சுவரில் ஒரு புத்தர் படம், அதன் கீழே பிள்ளைகளின் சிலேட்டு. ஜன்னல் ஒன்றுதான், ஆனால் திறந்திருந்தது. எங்கள் வார்டைவிட அங்கே காற்று நன்றாக வந்தது. புருஷனையும் இரண்டு பெண்களையும் அடுத்த நாள் கூட்டிவந்து எக்ஸ்ரே எடுக்க வைத்தேன். மூன்றும் சுத்தம். வீட்டில் ஒருவருக்கும் இல்லாத நோய் அவளுக்கு மட்டும் வீட்டிலிருந்து வந்ததாம்! படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரங்களை எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

வியாசர்பாடிக்குப் போன அன்று, நான் கிளம்பும்போது மங்கம்மா வாசல்வரை வந்தாள். வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டே பேசினாள். "சிஸ்டரம்மா, நீ ரிப்போட் எயுது. நான் மாஸ்க்க அலசுனேன்னு எயுது, அது நெசம். ஆனா கண்ணாடில ஆவி பூத்துச்சே, அதையும் எயுது. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சீங்க, அதெல்லாம் வேணாம். ஆவிய மட்டும் எயுது."

எழுதினேன். டாக்டர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். எனக்கு வாழ்நாளில் முதல்முறையாக உண்மையான கோபம் வந்தது.

கமிட்டிக் கூட்டம் நடந்த அறையில் ஐந்து பெரிய மனிதர்கள், அவர்களோடு டாக்டர், மேட்ரன், நான். மங்கம்மாவை வராந்தாவில் பெஞ்சில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் மெழுகுவத்திப் பரிசோதனையை விவரித்தார். தலைவர் தலையாட்டினார். என்னைக் கேட்டார்கள்: "ஆயா மாஸ்க்கைத் தண்ணியில நனைச்சது உண்மையா?"

"உண்மைங்க. மெமோ எழுதினது நான்தான்" என்றேன். அப்புறம் பையிலிருந்து ஒரு கஞ்சி மாஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "டாக்டர் இதைக் கட்டிக்கிட்டு என் ரிப்போர்ட்டைச் சத்தமா படிக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

அவர் முறைத்தார். ஆனால் தலைவருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது, "படிங்களேன் டாக்டர்" என்றார். மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். முதல் வரி முடிவதற்குள் கண்ணாடியின் கீழ்ப்பாதி வெளுத்தது. மூன்றாவது வரியில் முழுக்க வெளுத்தது. காகிதத்தைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், நின்றுவிட்டார்.

"மூச்சு எல்லாம் ஓரத்து வழியா மேல போகுதுங்க. வெளியே போற வழியிலேயே உள்ளேயும் வரும். கஞ்சி போட்டு ஓட்டையை அடைச்சா காத்து துணி வழியா வராது, சந்து வழியா வரும். இதைத்தான் மங்கம்மா அன்னிக்கே சொன்னா. அவ அலசிக் கட்டிக்கிட்டப்போ நல்லா இருந்தா. நாங்க மெமோ குடுத்து நிறுத்தினோம். அப்புறம்தான் சீக்கு வந்தது" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அலசிய மாஸ்க் அவளைக் காப்பாற்றியிருக்கும் என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. சல்லாத் துணிக்கு அவ்வளவு யோக்கியதை கிடையாது. ஆனால் கஞ்சி மாஸ்க் காப்பாற்றியது என்று மற்றவர்கள் சத்தியம் செய்துகொண்டிருந்தார்களே.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தலைவர் மாஸ்க்கை வாங்கித் தன் மூக்கில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் வாங்கிப் பார்த்தார். அது கை மாறி மாறிச் சுற்றியது. ஒருவர் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து அடுத்தவரைப் போட்டுக்கொண்டு ஊதச் சொன்னார். அப்படியானால் எத்தனை மடிப்பு போடலாம்? எட்டா, பத்தா? காடாத் துணியைப் பற்றி மேட்ரன் மறுபடி ஆரம்பித்தார். மூக்குக்கு மேல் ஒரு கம்பி வைத்தால் என்ன என்றார் ஒருவர். பட்டுத்துணி கிருமியை விடாது என்று மச்சினர் சொன்னதாக இன்னொருவர் சொன்னார். டாக்டர் கோபிநாதன்கூட முறைப்பு தீர்ந்து, இழைக் கணக்கு சொல்லத் தொடங்கிவிட்டார். டீ வந்தது, குடித்தார்கள். கடைசியில் தலைவர் தீர்மானத்தைச் சொன்னார், குமாஸ்தா எழுதிக்கொண்டார். எல்லோரும் எழுந்து காரில் ஏறிப் போனார்கள். வராந்தாவைக் கடந்துதான் போனார்கள்.

நான் "சார், ஆயா விஷயம்" என்று பின்னாலேயே ஓடினேன். "அது அடுத்த மீட்டிங்ல பார்க்கலாம் சிஸ்டர். இன்னிக்கு ரொம்ப உபயோகமான டிஸ்கஷன்" என்றார் தலைவர். கார்க் கதவு சாத்திக்கொண்டது.

மங்கம்மா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தவள். "இன்னா சொன்னாங்கோ?" என்றாள்.

"இனிமே மாஸ்க்குக்குக் கஞ்சி போட வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

அவள் புடவைத் தலைப்பை மறுபடி வாயில் பொத்திக்கொண்டாள். "துணிக்குக் கஞ்சி இல்லன்னுட்டாங்கோ. செரி. என் வூட்டுக் கஞ்சிக்கு இன்னா சொன்னாங்கோ?"

அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து வந்தது. அதற்குள் வேலைக்கு வராதவள் என்று அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அதை நான் நிறுத்தவில்லை. ஒருமுறை கோபப்பட்டதோடு என் வீரம் தீர்ந்துபோயிருந்தது. அவள் ஒரு சர்க்கார் கிளினிக்கில் ஊசியும் மாத்திரையும் வாங்கி ஒன்றரை வருடத்தில் எழுந்துவிட்டாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அதில் எனக்கோ எந்த மாஸ்க்குக்கோ பங்கில்லை. சளிக் கோப்பை எடுக்க ஒரு புது ஆயா வந்தாள், இருபது வயதுப் பெண். அவளை நிற்கவைத்து, நாடாவைக் காதுக்கு மேலே ஒன்றும் கழுத்துக்குக் கீழே ஒன்றும் கொண்டுபோய், இறுக்கிக் கட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். நல்ல மாஸ்க், கஞ்சி போடாதது. நாலு மடிப்பு.